பகலில் தூங்க ஒரு வீடு

திருப்பூரில் வீடு பார்க்கிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை, மற்ற நாட்களில் பனியன் கம்பெனி விடாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, அதைச் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் புரோக்கர் வண்டிக்குப் பின்னால் கிளம்பிவிட வேண்டும். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். அந்த ஒரு நாள் மட்டும் இந்த ஊர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி சமர்த்தாக இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்களுக்கு வீடு எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மேலே நூல் போகும், கீழே துணியாக இறங்கும், அப்படிப்பட்ட பெரிய வட்ட மெஷின். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நைட் ஷிப்ட்தான். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குவது என் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்பம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் வாசற்படியில்தான்.

நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவான குழாய், அந்தக் குழாய் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே. நல்ல தண்ணீர் வருகிற நாளில் குடங்கள் முட்டிக்கொள்ளும், கூடவே ஆட்களும் முட்டிக்கொள்வார்கள். வராத நாளில் ஏன் வரவில்லை என்று அதே இடத்தில் கூடிப் பேசுவார்கள். பாதி வீடுகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பவர் மெஷின் வேறு காலையிலிருந்து ஓடும். இத்தனைக்கும் நடுவில் அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு நாள் வேலையில், நின்றபடியே கண் அசந்துவிட்டார். ஓடுகிற மெஷின் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கம் சாய்ந்ததால் எனக்கு இன்றைக்குத் தாலி இருக்கிறது. கூட இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். டாக்டர் பெரிதாக மருந்து எதுவும் எழுதவில்லை. பகலில் ஒழுங்காகத் தூங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று சொல்ல முடியாது என்றார். பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தோம், ஆள் இருக்கிறது என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். இந்த மனிதனுக்குப் பகலில் தூங்க ஒரு வீடு வேண்டும். வீடு வாங்கினால் கையிருப்பெல்லாம் கரைந்துவிடும் என்று வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளிடம் சொன்னேன். என் படிப்பைப் பற்றி யோசிக்காதே, முதலில் அப்பாவைத் தூங்க வை என்றாள்.

முதலில் பிடித்துப்போனது அருள்புரம் பக்கம் ஒரு வீடு. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் ஒரு பூனை நடு ரோட்டில் படுத்திருந்தது. பூனையே படுத்திருக்கிறதென்றால் இவரும் படுக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. புரோக்கர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பாருங்கக்கா, எப்படிக் கம்முனு இருக்குதுன்னு" என்றார். புதன்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேசி எழுந்தோம்.

நல்ல காலம், செவ்வாய்க்கிழமை என்னை அந்தப் பக்கம் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குத் துணி செக் பண்ண அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் நம் வீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவோமே என்று ஆசையாகப் போனேன். தெருவே மாறிப்போயிருந்தது. பின்பக்கம் ஷட்டர் மூடிக் கிடந்த கட்டடத்தை நான் குடோன் என்று நினைத்திருந்தேன். இப்போது ஷட்டர் திறந்திருந்தது, உள்ளே வரிசையாக நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நூல் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாங்கப்போகிற வீட்டின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் அதிர்ந்தது.

யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் நாம் கம்பெனிக்குள் அடைந்து கிடக்கிறோம். ஏழாவது நாள் மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டு வெளியே வந்து, அடடா எவ்வளவு அமைதியான ஏரியா என்கிறோம். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்து, குடிபோன திங்கட்கிழமை காலையில் வாயில் கை வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று புரோக்கரிடம் சொன்னேன். போகப் போகப் பழகிவிடும் என்று சமாதானம் செய்தார். பழகுகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். வார நாட்களில் அரை ஷிப்ட் லீவு போட்டேன். உனக்குக் கம்பெனியில் வேலையா, தெருவில் வேலையா என்று எங்கள் சூப்பர்வைசர் கிண்டல் செய்தார். இரண்டிலும் செக்கிங்தான் என்றேன். தைத்த பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் பாஸ் பண்ணியதில்லை. தெருவை மட்டும் எப்படி மேலாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வது?

எனக்கென்று ஒரு வழியும் பிடிபட்டது. ஏரியா நல்ல ஏரியாவா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அவரவர் குடியிருக்கிற இடத்தை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? அதனால் தொட்டில் கட்டியிருக்கிற வீடாகப் பார்த்து நிற்பேன். குடிக்கத் தண்ணீர் கேட்பேன். பிறகு, இங்கே பகலில் குழந்தை தூங்குமா என்று கேட்பேன். கைக்குழந்தைக்காரிகள் அந்த விஷயத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். உங்கள் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பேன். என் குழந்தைக்கு மீசை நரைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அனுப்பர்பாளையம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் வசதி, பக்கத்திலேயே கடை, பழகுவதற்கு நல்ல பெண்கள். ஆனால் பட்டறைகளில் பாத்திரம் தட்டுகிற சத்தம் தெரு தெருவாகக் கேட்டது. அது லட்சுமி வருகிற சத்தம் என்றார் புரோக்கர். வரட்டும், ஆனால் பகலில் வந்து இவரை எழுப்புவாளே என்றேன். இன்னொரு இடத்தில் தெரு அமைதி, பக்கத்தில் பள்ளிக்கூடம். இன்னொன்றில் எல்லாம் சரி, தண்ணீர் லாரி நிற்கும் முக்கு. என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உடு அம்மிணி, எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்" என்றார். சொல்லும்போதே கண் சொருகியது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக முதலிபாளையம் பக்கம் ஒரு சின்ன வீடு. தொழிற்பேட்டையிலிருந்து நன்றாகவே தள்ளி, பக்கத்தில் காலி இடம், எதிரில் ஒரே ஒரு வீடு. நான் போனது வியாழக்கிழமை காலை. எதிர்வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். என் கேள்வியைக் கேட்டேன். "நல்லாத் தூங்குமுங்கக்கா. படுத்தா எந்திரிக்கறதே இல்லீங்க" என்றாள்.

ஆனாலும் ஒரு தடவை சூடு பட்டவள் நான். புரோக்கரிடம் சொன்னேன், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு பகல் இந்த வீட்டில் தூங்கிப் பார்க்க வேண்டும். புரோக்கர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, ஊடு வாங்கறவங்க வாஸ்து பாப்பாங்க, பத்திரம் பாப்பாங்க. படுத்துப் பாத்தவங்கள நான் பாத்ததில்லீங்க."

"இப்பப் பாருங்க" என்றேன்.

வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். இட்லி சாப்பிட வைத்து, பாய், தலையணை, தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊரே சிரிக்கும் என்று வழி முழுக்கப் புலம்பினார். காலி அறையில் பாயை விரித்துப் படுக்க வைத்துவிட்டு, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துபோட்டு நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. எனக்கே தூக்கம் வந்தது. வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மனிதர் மல்லாந்து படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, தூங்கலீங்களா?"

"நெம்பக் கம்முனு இருக்குது அம்மிணி. மெஷின் நின்னு போன மாதிரி இருக்குது. நின்னா நூல் அறுந்துருச்சுன்னுதான அர்த்தம்? எந்திரி எந்திரின்னு ஒடம்பு சொல்லுது."

எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை தெரு அலைந்து, இத்தனை லீவு போட்டு, கடைசியில் இதற்கா? திரும்பி வந்து படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் பவர் மெஷின் ஓட ஆரம்பித்தது. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக். டர்ரென்று இழுத்து, நின்று, மறுபடியும் இழுத்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் ஏறியது. தொட்டிலைப் பார்த்தேனே தவிர, அதற்குப் பின்னால் மெஷின் இருப்பதைப் பார்க்கவில்லை. போதும், இந்த வீடும் வேண்டாம் என்று அவரைக் கிளப்ப உள்ளே போனேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளாமல் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. லைன் வீட்டில் அவரை எழுப்பிக்கொண்டிருந்தது குழாயடிதான், மெஷின் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷின் ஓடுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, நீ தூங்கு என்று அந்தச் சத்தம் அவர் உடம்புக்குச் சொல்லியிருக்கிறது. நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதேன். மூக்கைக்கூடச் சிந்தவில்லை, எழுந்துவிடுவாரோ என்று பயம்.

மெஷின் நின்றது. வெளியே வந்தேன். அந்தப் பெண் தன் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அண்ணன் தூங்கறாருங்களா? கதவு வழியா இப்பத்தானுங்க பாத்தேன். தெரியாம ஓட்டிப்போட்டனுங்க. அவரு எந்திரிச்ச பொறகு தெச்சுக்கறேன்."

அவளுக்குப் பின்னால் கட்டுக் கட்டாகத் துணி கிடந்தது. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து நிற்கும், தைத்த பீஸுக்குத்தான் கூலி. ஒரு பகல் மெஷினை நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? யாரோ ஒரு ஆள், இன்னும் வீடுகூட வாங்கவில்லை, அவன் தூக்கத்துக்காக நிறுத்திவிட்டு நிற்கிறாள். உள்ளே பாய் சரசரத்தது. அவர் புரள்கிறார். நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

"கண்ணு, நிறுத்தாத. நீ ஓட்டுனாத்தான் அவரு தூங்குவாரு."

அவள் நம்பவில்லை. மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பரவாயில்லை என்று அவள் சொல்ல, ஓட்டு என்று நான் சொல்ல, எங்கள் பக்கத்து மரியாதை தெரியுமே, விட்டால் சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருப்போம். நான் நேராக அவள் வீட்டுக்குள் போனேன். அவள் தைத்துப் போட்டிருந்த துணியை மடியில் இழுத்துப் போட்டு, கத்தரியை எடுத்துத் தொங்குகிற நூலை வெட்ட ஆரம்பித்தேன். அதற்கு மேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை. உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

அங்கே இருந்தபடியே புரோக்கருக்குப் போன் போட்டேன். அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள் போலிருக்கிறது, சற்றுத் தள்ளி வாருங்கள் அக்கா என்றார். நான் நகரவில்லை. குரலை உயர்த்தி, இந்த வீட்டை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று இன்னொரு தடவை சொன்னேன்.