தோற்றுப்போன அந்த இன்னொருவர்

பிரிட்டனின் ஆளுங்கட்சி 2019இல் பிரதமராகப்போகும் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நின்றார்கள். தோற்றவர்தான் என் ஆள். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் காஞ்சிபுரத்தில் அவருக்காக இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கும் ஒரே மனிதன் நான்தான்.

காரணம் என் மகள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள் முதலில் போனாள். மருமகனும் பேத்தியும் பின்னால் போவதாக ஏற்பாடு. அதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அந்த வேலைக்கு வந்தவர்கள் இனி குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கூடாதாம். அவர்கள் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்ட என் பெண் வேண்டும். அவள் பெற்ற பிள்ளை வேண்டாம்.

நானும் ஒரு கட்சியில் பாதி ஆயுளைக் கழித்தவன். தலைவர் மாறினால் வட்டச் செயலாளர் கும்பிடும் விதம்கூட மாறும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் டீக்கடையில் அடித்துச் சொல்வேன். அந்த இன்னொருவர் வந்திருந்தால் மந்திரிசபை வேறாக இருந்திருக்கும். முதியோர் இல்லங்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். இந்தச் சட்டம் காகிதத்தைவிட்டே எழுந்திருக்காது. பிறகு அங்கே ஆட்சியே மாறியது. வந்தவர்களும் சட்டத்தை எடுக்கவில்லை. அவர் முதலிலேயே வந்திருந்தால் இவர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிவார்கள் என்ற பயம் பிடித்திருக்காது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

"நம்ம வார்டு கவுன்சிலரையே உன்னால மாத்த முடியல. லண்டனுக்குத் தலைவர் தேடிக்கினு இருக்கிற" என்றார் கூட உட்காரும் நெசவாளி நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிய மகளிடமும் இதையே ஆரம்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"யாரு வந்திருந்தா என்னப்பா? மொட்டை அடிச்சிட்டு அனுப்பலாம்னு நீ சொல்லாம இருந்திருந்தா பாப்பா இங்க இருந்திருக்கும்."

டீக்கடையில் நான் ஒருநாளும் சொல்லாதது இதுதான். அன்று காகிதங்கள் எல்லாம் தயாராக இருந்தன. பேத்திக்கு இரண்டு வயது. எங்கள் வீட்டில் முதல் முடி தென்னேரிப் பக்கத்துக் குலதெய்வத்துக்கு. அதையும் ஒற்றைப்படை வயதில்தான் இறக்குவோம். பிறந்த முடியோடு பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்று நின்றேன். "இப்பவே அனுப்பிடலாம் மாமா, லீவுல வந்து அடிச்சிக்கலாம்" என்று மருமகன் கெஞ்சினார். சாமி விஷயத்தில் பேசாதே என்று அதட்டினேன். மூன்று வயது பிறக்கக் காத்திருந்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்து, சந்தனம் பூசிக் கூட்டிவந்தோம். அதற்குள் குடும்பத்தை அழைக்கச் சட்டம் விட்ட கெடு முடிந்திருந்தது. மருமகன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மகள் அப்படிச் சொன்னதும் பேத்தியைக் கூப்பிட்டுப் போனை அவள் பக்கம் திருப்பினேன்.

"முடி எவ்ளோ வளந்துது? திரும்பி நில்லு கண்ணு, அம்மா பாக்கட்டும்."

பிள்ளை திரும்பி நின்றாள். காலையில் நான் பின்னிவிட்ட சடை முதுகில் தொங்கியது.

"கோணலா பின்னியிருக்கப்பா" என்று சொல்லிவிட்டு என் மகள் அழுதாள்.