மாடி அங்கிளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை

எங்கள் வீட்டில் தட்டில் விழுந்தது வயிற்றுக்குள் போயே ஆகவேண்டும். பாகற்காயாக இருந்தாலும் சரி, முதல் நாள் பருப்பாக இருந்தாலும் சரி, "போட்டதைச் சாப்பிடு" என்பதற்கு மேல் அம்மாவிடம் பேச்சே கிடையாது. ஆகவே எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, வளர்ந்த மனிதர் ஒருவர் அம்மா பரிமாறிய தட்டை ஆட்காட்டி விரலால் ஓர் அங்குலம் தள்ளிவைத்து, "வேண்டாமுங்க அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொன்னதைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இப்படியும் செய்யலாமா! செய்துவிட்டு உயிரோடும் இருக்கலாமா!

அவர், இலங்கையில் கண்டியை அடுத்த எங்கள் அம்பிட்டிய வீட்டு மாடியறைக்குக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரர். ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பூட்டி ஓடவைத்து, இரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அவருடைய கம்பனி அவரை அனுப்பியிருந்தது. எங்கள் பரம்பரையே அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்பதால், "நம்ம ஆளு, நம்ம சாப்பாடு, ஒரு தொல்லையும் இல்ல" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கள் சாப்பாட்டில் அவருக்குத் தெரிந்த சாப்பாடு எதுவுமே இல்லை.

மீன், இறைச்சி, முட்டை மூன்றும் அவர் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. அவருடைய வீட்டிலும் யாரும் தொட்டதில்லை. அது பெரிய பிரச்சினையே அல்ல, கண்டியில் மரக்கறிக்குப் பஞ்சமா? பிரச்சினை மற்றவைதான். சிவப்பரிசி தொண்டையில் நடந்துபோகிறதாம். எதைத் தொட்டாலும் தேங்காய்ப்பாலாம். தோசைக்கு வெயிலில் நின்ற நிறமாம். எல்லாவற்றையும் அவர் கோபமில்லாமல், இயந்திரத்தில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொல்வார். "சாம்பார் இனிப்புப் பக்கமும் போகலைங்க, புளிப்புப் பக்கமும் போகலைங்க. நடுரோட்டுல நிக்குதுங்க."

நான் அசந்துபோனேன். அதுவரை எனக்குச் சாப்பாடு என்றால் இரண்டே வகை: இன்னும் இருக்கிறது, முடிந்துவிட்டது. ஒரு கவளத்தை நாக்கில் வைத்துக்கொண்டு இவ்வளவு யோசிக்கலாம் என்பதே பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று "வேண்டாமுங்க" சொல்லிப் பழகினேன். ஒருநாள் துணிந்து, பலாக்கொட்டைக் கறியைச் சரியாக ஓர் அங்குலம் தள்ளினேன். அகப்பைக் காம்பு மணிக்கட்டில் விழுந்தது. "மாடியில இருக்கிறவரு வாடகை குடுக்குறாரு. நீ என்னத்தடி குடுக்குற?" என்றார் அம்மா.

அம்மாவின் தம்பி, என் மாமா, த்ரீவீல் ஆட்டோ ஓட்டுபவர். மாடி அங்கிளைக் காலையில் ஹந்தானைக்கு ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடுவது அவர்தான். கண்டிக்குள்ளும் கண்டியைச் சுற்றியும் தான் வாய் வைக்காத சாப்பாட்டுக் கடையே இல்லை என்பது மாமாவின் பெருமை. அந்தப் பெருமைக்கு இப்போது சோதனை வந்துவிட்டது. அங்கிள் போனில் கடைகளின் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு அது பிடிக்காது. "சார், அந்த நட்சத்திரம் போடுறவன் பூரா வெள்ளக்காரன். உறைக்காட்டி அஞ்சு போடுவான். என்னைய நம்புங்க."

இப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. மாமா முன்னால், அங்கிளும் நானும் பின்னால். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், எனக்கு ஒரு பதவி இருந்தது. "நீ போயி அடுப்படிய பாத்துட்டு வா. சின்னப் புள்ள, யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. மீன் சட்டிக்கும் மரக்கறிச் சட்டிக்கும் ஒரே கரண்டியான்னு பாரு" என்று மாமா சொல்லித்தந்திருந்தார். எனக்குச் சிங்களமும் தண்ணீர் போல வரும். அங்கிள் என்னை 'இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எந்த அடுப்படிக்குள்ளும் நுழையத் தயாராக இருந்தேன்.

டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு சைவக் கடை: அடுப்படி சுத்தம், வடை எண்ணெயில் பழைய வாசம், அங்கிளின் விரல் தட்டைத் தள்ள நீண்டது. கலகெதர போகும் வழியில் மாமா சத்தியம் பண்ணிய ஒரு கடை: கத்தரிக்காயைப் பொரித்துப் புளிப்பாகச் செய்யும் மோஜு அற்புதம், ஆனால் கோழிக்கறிக் கரண்டி பருப்புக்குள் நின்றுகொண்டிருந்ததை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிட்டார். வாவிக்கரையில் மேசை விரிப்பும் மடித்த துணியும் வைத்த ஒரு ஹோட்டல்: அங்கே கொண்டுவந்ததை அங்கிள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊரு எதுங்க?" என்று பரிமாற வந்தவரையே கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து சனிக்கிழமைகள் போயின. அங்கிள் வாழைப்பழம், கிரீம் கிரேக்கர் பிஸ்கட், எருமைத் தயிர் ஆகியவற்றில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார். தயிரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். இடுப்புப் பட்டியில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்தது.

ஆறாவது சனிக்கிழமை, இரண்டு கடைகளில் தோற்று, பகல் இரண்டு மணிக்கு வெறும் வயிற்றோடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை கம்பனிக்குப் பேசலாம்னு இருக்கேனுங்க. வேற ஆளை அனுப்பட்டும். வேலை புடிச்சிருக்குது, ஊரு புடிச்சிருக்குது. வயிறு கேக்கமாட்டேங்குது."

மாமா ரேடியோவை நிறுத்தினார். அங்கிள் போனால் சனிக்கிழமை போய்விடும், இன்ஸ்பெக்டர் பதவி போய்விடும், தட்டை நகர்த்தத் தெரிந்த ஒரே மனிதரும் போய்விடுவார். பிறகு எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம் மட்டும்தான்.

"சார், இன்னும் ஒரே ஒரு கடை" என்றார் மாமா. அவரிடம் கடைகள் தீர்ந்துவிட்டன என்பது அவர் பின்கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்பிட்டியவுக்கு மேலே ஏறும் ஒழுங்கையில், தான் வழக்கமாகப் பால் விடாத பிளேன்டி குடிக்கும் வளைவில் வண்டியை நிறுத்தினார். போர்டு கிடையாது. ஒரு வீட்டின் முன்னறை, ஒரு மேசை, நான்கு கதிரை. நடத்துபவர் அம்மாவை விட மூத்த ஒரு சிங்களப் பெண். எனக்கு அன்றிலிருந்து அவர் கடை ஆன்ட்டி.

நான் உள்ளே போனேன். மூன்றே சட்டிகள். பருப்பு, பலாக்காய், ஒரு கீரை. ரொட்டிக் கல்லில் தேங்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் அரைத்த கட்டசம்பல், செக்கச்செவேலென்று. "மீன் ஏதும் போடுவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டேன். "ஐயோ, இல்ல மகள். மீன்காரன் இந்த மேட்டுக்கு ஏறி வரவேமாட்டானே" என்று சிரித்தார். சந்தோஷமாக வெளியே வந்து, "பாஸ்" என்றேன்.

ரொட்டி வந்தது. அங்கிள் ஒரு துண்டு கிள்ளி, சம்பலில் தொட்டு, வாயில் வைத்தார். நிறுத்தினார். நானும் மாமாவும் மூச்சு விடவில்லை. மறுபடி கிள்ளினார். முதல் ரொட்டி போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவது பாதியில்தான் நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "என்னங்க இது! வெங்காயம் தெரியுது, மிளகா தெரியுது, அதுக்குப் பின்னாடி ஆழமா ஒண்ணு நிக்குதே, அது என்னங்க? ஏங்கண்ணு, இன்னும் கொஞ்சம் சம்பல் வாங்கிட்டு வாயேன்."

ஆறு சனிக்கிழமைகளில் அவர் இரண்டாம் தடவை கேட்ட முதல் பொருள். மாமா எனக்குக் கண்ணடித்தார். நான் பறந்தேன்.

உள்ளே கடை ஆன்ட்டி அம்மியில் புதுச் சம்பல் அரைக்கத் தொடங்கியிருந்தார். ஒரு போத்தலைத் திறந்து, மரச்சில்லு போல உடைந்த கபில நிறத் துண்டுகளை மிளகாயின் மேல் போட்டார்.

அது மாசி. மீனை அவித்து, புகையிட்டு, கட்டை போல இறுகும்வரை காயவைப்பது. எங்கள் வீட்டிலும் அந்தப் போத்தல் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்.

"ஆன்ட்டி, அது மீன்!" என்றேன்.

"மீன் இல்லையே மகள், மாசி. வாசத்துக்குத்தானே." அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. "மீன்கடையிலயா விக்கிறாங்க? பலசரக்குக் கடையில, மிளகாய் சாக்குக்குப் பக்கத்துலதானே இருக்கு."

உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அங்கிள் பிறந்ததிலிருந்தே இதைத் தொட்டதில்லை என்றும், அவருடைய வீட்டில் யாருமே தொட்டதில்லை என்றும் சொன்னேன். ஆன்ட்டியின் கை குழவியிலேயே நின்றுவிட்டது. முகம் வெளிறியது. பௌர்ணமிப் போயாதோறும் வெள்ளை உடுத்திப் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகிறவர் அவர். "ஐயோ, நான் அந்த மனுசனுக்குப் பாவம் பண்ணிட்டேனே" என்று நெஞ்சில் கையை வைத்தார். மிளகாய்க் கை, சட்டையில் சிவப்பாகப் பதிந்தது. பிறகு அம்மியில் இருந்ததை அப்படியே வழித்து ஒதுக்கினார். மூன்று தடவை தண்ணீர் ஊற்றி அம்மியைக் கழுவினார். வெங்காயம், மிளகாய், உப்பு மட்டும் வைத்துப் புதிதாக அரைத்து, தேசிக்காய் பிழிந்தார். அவ்வளவு வேகமாக யாரும் அரைத்து நான் பார்த்ததில்லை. "சொல்லிடுவியா மகள்?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. சொன்னால் இந்தக் கடையும் போய்விடும், திங்கட்கிழமை அவரும் போய்விடுவார். வயிற்றுக்குள் போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? பத்து வயது மூளை அரை நிமிடத்தில் போட்ட தீர்ப்பு அது.

இரண்டாம் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். அங்கிள் ஆவலாகத் தொட்டு வாயில் வைத்தார். புருவம் சுருங்கியது. இன்னொரு துண்டு. மெதுவாக மென்றார்.

"இதுல அந்தப் பின்னாடி நின்னது இல்லையே" என்றார். "உள்ள என்ன..." என்று கேட்க ஆரம்பித்தவர், என்னைப் பார்த்தார்.

என் காது இரண்டும் கொதித்தன. நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்தேன். அது சிங்களக் கலண்டர், எல்லாத் தேதியையும் படித்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டி அடுப்படி வாசலுக்குப் போனது. அங்கே கடை ஆன்ட்டி, நெஞ்சில் சிவப்புக் கையடையாளத்தோடு, இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றார். மாமா ஒன்றும் அறியாமல் ஐந்தாவது ரொட்டியில் இருந்தார்.

அங்கிள் ஒரு கோப்பைத் தண்ணீரை முழுவதும் குடித்தார். முதல் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஒரு பக்கமாக நகர்த்தினார். புதுக் கிண்ணத்தைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாதி ரொட்டியையும் அதில் தொட்டுத் தொட்டு முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

"அந்த அம்மாகிட்டச் சொல்லு கண்ணு. எனக்கு இனிமே இப்ப வந்ததே போதும். ரொம்ப நல்லா இருக்குது. முதல்ல வந்த மாதிரி வேண்டாம்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கடை ஆன்ட்டி என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார், முடியெல்லாம் வெங்காய வாசம். எப்படித் தப்பித்தோம் பார் என்று எனக்கு ஒரே குதூகலம். மாசியில்லாத சம்பல் மாசிச் சம்பலை வென்றுவிட்டது, அவ்வளவு கூர்மையான நாக்கையே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர் யாருக்கும் பேசவில்லை. இரண்டு வருடமும் இருந்தார், காலைச் சாப்பாடும் இராச் சாப்பாடும் அந்த ஒழுங்கையில்தான். பருப்பு, கீரை, பலாக்காய் எல்லாவற்றுக்கும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். கடைசியில் சிவப்பரிசிக்கும். நாக்குச் சுத்தமான ஒரு மனிதர், தனக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவு அழகாகச் சாப்பிடுவார் என்பதை நான் அங்கே பார்த்தேன். இன்றைக்கும் சாப்பாட்டு ரசனை என்று யாராவது பேசினால் என் மனதில் வருவது அந்த ஒற்றை மேசைதான்.

ஆனால் அந்த முதல் நாளில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. திரும்பி இறங்கும்போது, மலைச்சரிவிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் பீலி ஒன்று வரும். "கொஞ்சம் நிறுத்துங்க" என்று அங்கிள் இறங்கினார். கையைக் கழுவினார். வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடியும் கொப்பளித்தார். மறுபடியும். விரலை விட்டு நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு எங்களுக்கு முதுகு காட்டி, தண்ணீருக்கு முன்னால் கைகூப்பிக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

"பாவம், உறைச்சிருச்சு" என்றார் மாமா. "அவுங்க ஊருல மொளகாயே இல்லயா என்ன?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அங்கிள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்: "ஏங்கண்ணு, நாளைக்கும் அந்த அம்மா கடை தொறந்திருக்குமா?"

"தொறந்திருக்கும் அங்கிள்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமா திரும்பிப் பார்த்தார். வாய் இவ்வளவு எரிந்தும் நாளைக்கும் வேண்டும் என்கிறாரே, உறைப்பு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று, வீடு வந்து சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.