மகன் நம்பருக்குப் போன டேக்

முதல் வகுப்பு

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில், முதியோருக்கான கணினி வகுப்பை ஆரம்பித்த முதல் நாளே என் மானம் கப்பலேறியது. நான் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவன். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் பழைய லேப்டாப்புகளைக் கேட்டு வாங்கி இதில் இறங்கினேன். சம்பளம் கிடையாது. ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

முதல் பாடம், ஆஸ்பத்திரி அப்பாய்ன்ட்மெண்ட் பக்கத்துக்குள் நுழைவது. ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பரைத் தட்டினால் ஹாண்ட்போனுக்கு டேக் என்று ஓர் எண் வரும். அதைப் போட்டால்தான் உள்ளே விடும். எல்லாரும் தட்டிவிட்டு, போனை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு போன்கூட முனகவில்லை.

"லைன் இல்லியா?" என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. வந்தது டேக் இல்லை. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள்.

"அம்மா, யாரோ உங்க ஐ.சி.ய வச்சி ஸ்கேம் பண்றான்! ஒண்ணையும் தொடாதீங்க!"

"அலாமாக்! நான்தான்டா தட்டுனேன். கிளாஸ்ல இருக்கேன்லா!"

விஷயம் இதுதான். கையில் சொந்த போன் இருந்தும் அத்தனை பேரும் பிள்ளையின் நம்பரைத்தான் பதிந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் நம்பர் கேட்டால் மகன் நம்பரைச் சொல்வது நம் ஆட்களுக்கு ஒரு பெருமை. நம்மைக் கேட்கவும் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொள்வது. அன்று வகுப்பு பாதியில் கலைந்தது.

பாக்கியம் அக்காவின் கண்

அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே அவசரத்தோடு வந்தவர் பாக்கியம் அக்கா. எழுபது தாண்டியவர், புருஷன் இல்லை. சர்க்கரையால் இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். தேதி மாறினால் தகவல் சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை செய்யும் மகன் சரவணனுக்குப் போகும். அவன் பார்க்காமல் விட்டு ஒரு ஊசி ஏற்கெனவே தவறியிருந்தது.

"என் கண்ணு தேதிய நானே பாத்துக்கிறணும் தம்பி. அவனும் பாவம், எத்தனையத்தான் பாப்பான்?" என்றார்.

வகுப்பிலேயே வேகமாகக் கற்றுக்கொண்டவரும் அவர்தான். மௌஸ் பழகினார், ஐ.சி. நம்பரைத் தடுமாறாமல் தட்டினார். ஆனால் டேக் வேண்டுமே! ஒவ்வொரு முறையும் மகனுக்குப் போன் போட வேண்டியிருந்தது. ஒரு நாள் ஸ்பீக்கரில் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"டேக் நம்பர யாருகிட்டயும் சொல்லக்கூடாதும்மா. நியூஸ்ல பாக்கலியா? பக்கத்துல அந்த அங்கிள் வேற இருக்காரு. நானே பாத்து சொல்றேன்லா, விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் டேக்கை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவதும் நான்தானே. அவனை எப்படித் திட்டுவது?

"அக்கா, நாளைக்கே ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போவோம். என் காடியிலயே கூட்டிட்டுப் போறேன். உங்க நம்பர மாத்திருவோம். ஐ.சி.ய காட்டுனா போதும்."

அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அவன் நம்பர எடுக்கச் சொல்றியா?"

"எடுத்தா என்னக்கா? அவரு மகன் இல்லன்னா ஆயிருவாரு?"

"கவுண்டர்ல இருக்கறது நம்ம தமிழ்ப் புள்ளதான். என்னா நெனைக்கும்? பெத்த மகன் கைவிட்டுட்டான், கெழவி நம்பர மாத்த வந்திருக்கான்னு நெனைக்காது? அவங்கப்பா செத்தப்ப கொள்ளி வச்சவன் தம்பி. அவன் நம்பரு இருக்கற எடத்துல என் நம்பரப் போடமாட்டேன்."

டீச்சரும் கெஞ்சிப் பார்த்தார். நான் கோபத்தில், "கண்ணு பெருசா, கௌரவம் பெருசா?" என்றே கேட்டுவிட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார். நானும் வீம்பு பிடித்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு நடந்தது

ஊசித் தேதியைச் சில நாள் முன்னதாக மாற்றியிருக்கிறார்கள். தகவல் வழக்கம்போல் சரவணன் போனுக்குப் போயிருக்கிறது. ஓவர்டைம் செய்துவிட்டுத் தூங்கியவன், பிறகு பார்த்து அம்மாவுக்கு அனுப்பியபோது தேதி கடந்துவிட்டது. அடுத்த தேதி கிடைப்பதற்குள் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. போன பார்வையில் பெரும்பகுதி இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொழிற்சாலையில் பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். அதை நம்பியே பிழைத்தவன் நான். இங்கே காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன கிழித்தேன்? இப்போது புதிதாகச் சேருபவர்களிடம் முதலில், "யார் நம்பர் கொடுத்திருக்கீங்க?" என்றுதான் கேட்கிறேன். மகன் நம்பர் என்று நிமிர்ந்து சொல்கிறார்கள். மாற்றச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் மறுவாரம் வருவதே இல்லை. மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பல நாள் மண்டபத்தைப் பூட்டும்போது, நாளைக்குத் திறக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது.

பாக்கியம் அக்கா இன்னும் வருகிறார். டீச்சர் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைக்கிறார். போன வாரம், "இப்பவாவது நம்பர மாத்திருவோமா அக்கா?" என்று கேட்டேன்.

"போன்ல அப்படி அழுதான் தம்பி. இப்பப் போயி மாத்துனா அவன் ஒடைஞ்சி போயிருவான்" என்றார். பிறகு திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குப்பா."

பெரிதாக்கினேன். திரை முழுவதையும் இரண்டே எழுத்து அடைத்துக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.