போர்வைக்குள் ஓர் இன்டர்வியூ

"இங்கிலீசுல கேட்டா இவ வாய் தொறப்பாளா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு அது சுருக்கென்றது. மறுநாள் வெள்ளவத்தையில் வங்கி வேலைக்கு இன்டர்வியூ. தொண்டையோ சளியில் கட்டியிருந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா துளசியும் மஞ்சளும் போட்ட கொதிநீரை முன்னால் வைத்து, என் தலைக்கு மேல் போர்வையைப் போட்டார். சற்று நேரத்தில் அப்பாவும் உள்ளே தலையை நுழைத்தார்.

"ஒங்களுக்கும் சளியா அப்பா?"

"நான் இப்ப மெனேஜர். வாட் இஸ் யுவர் நேம், மிஸ்?"

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னும் சொல்லுங்க மிஸ்."

வியர்வை வழிய, புரியாமலே தலையாட்டிக் கேட்டார். நான் என்னைப் பற்றி ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஆவி மூக்கைத் திறந்தது உண்மைதான். பயம் போனது அவர் பக்கத்தில் இருந்ததால் என்றே நினைக்கிறேன்.

காலையில் கரகரத்த குரலிலேயே "குட் மோர்னிங்" சொல்லி, மூன்று அதிகாரிகள் முன் உட்கார்ந்தேன்.