போர்டுக்காரர் எழுதிக் கொடுக்காத பெயர்

கடைத்தெருவில் அவரைப் போர்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷம் முழுக்க 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதுகிறவர், நோன்பு மாதம் பிறந்துவிட்டால் பெயின்ட் டப்பாக்களை மூடிவிட்டு நாணல் பேனாவை எடுப்பார். அல்லாஹ்வின் பெயர்களைத் தவிர வேறெதையும் எழுதமாட்டார். "மத்த மாசமெல்லாம் வயித்துக்கு, இந்த மாசம் மறுமைக்கு" என்று சிரிப்பார்.

தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத்தான் காகிதத்தின் முன் உட்காருவார். நீண்ட எழுத்துகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார். எழுதுவதும் வணக்கம்தான், நாக்குக்குப் பதில் விரல் ஓதுகிறது என்பார். பார்க்க வருகிறவர்களிடம் 'அர்ரஹ்மான்' என்ற பெயரைக் காட்டி, "கருணைக்கும் தாயோட கருப்பைக்கும் அரபியில ஒரே வேர்" என்று விளக்கும்போது கேட்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

அப்படிப்பட்டவர் கூடப்பிறந்த அக்காவோடு பேசி வருஷக்கணக்காகியிருந்தது. அக்காவின் ஒரே மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். மகன் வேறு பெண்ணைக் கட்டிப் பிள்ளைகுட்டியோடு சந்தோஷமாக இருந்தான். அவனே மறந்துவிட்டதை அப்பன் மறக்கவில்லை.

ஒரு நோன்பு மாத மத்தியானம் அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்ததில் முக்காடு கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, மகளுக்கு இந்தத் தடவையாவது கரு தங்குமான்னு தெரியல. எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. படுத்த இடத்துலேர்ந்து பாத்து ஓத, உன் கையால 'யா ரஹ்மான்'னு ஒண்ணு எழுதிக் குடு."

அவர் நிமிரவில்லை. பேனாவை மையில் தோய்த்தார்.

"நோன்போட எழுதிட்டிருக்கேன். இப்ப பேச்சு வேண்டாம்."

"பேச வேண்டாம்டா. எழுதிக் குடுத்தாப் போதும்."

"பள்ளிவாசல் வேலை கெடக்கு. அப்பறம் பாக்கலாம்."

அவர் இழுத்துக்கொண்டிருந்த எழுத்து முடியும்வரை அக்கா நின்றாள். அவர் அடுத்த எழுத்தை ஆரம்பித்தார். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போயிற்று. கை நடுங்கவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கரு தங்கவில்லை. செய்தியைச் சொன்ன மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றே எழுத உட்கார்ந்தார். தாள் தாளாகக் கிழித்துப் போட்டு, கடைசியில் ஒன்று தேறியது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் 'யா ரஹ்மான்' என்று அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. புள்ளி இடம் மாறி, எழுத்து கோணியிருந்தது. அந்த நேரத்திலும் தன் கண் முதலில் அந்தக் கோணலைத்தான் பார்த்தது என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

"அம்மா வாங்கிட்டு வந்தாங்க மாமா. அதப் பாத்துத்தான் ரெண்டு பேரும் ஓதினோம். அதுவே இருக்கட்டும்."

"அம்மாவக் கூப்பிடும்மா."

"தொழுதுட்டிருக்காங்க."

காத்திருந்தார். உள்ளே தொழுகைப் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது, குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வரவில்லை.

பள்ளிவாசலில் அவர் எழுதிய பலகையை மாட்டிய அன்று ஆளாளுக்குக் கட்டித் தழுவினார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறு வருஷம் எழுதக் கேட்டு வந்தவர்களிடம், "வேற ஆளப் பாருங்க" என்றார்.

அக்கா வீட்டுக் கதவை யாரும் அவருக்குச் சாத்தவில்லை. போனால் உட்காரச் சொல்கிறார்கள், டீ வருகிறது. கொண்டுவந்து வைப்பது அக்கா மகள்தான்.