பாட்டு புரோகிராமில் திறந்த கல்யாணப் பத்திரிகை

நேற்று யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் தொட்டேன். "எதில் திறக்கட்டும்? இந்த முறை மட்டுமா, எப்போதுமேவா?" என்று கைப்பேசி கேட்டது. சிரித்துவிட்டேன். இதே கேள்விக்கு ஒருவர் யோசிக்காமல் பதில் சொல்லி, உத்திரமேரூரில் ஒரு கல்யாணமே ஆட்டம் கண்ட கதை உங்களுக்குத் தெரியாதே.

தொண்ணூறுகளின் கடைசி. அந்த ஊரில் ஒரு பாயின் கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. ஊதுபத்தியும் பிரிண்டர் மையும் கலந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்புமுன் நல்ல நேரம் பார்த்துத் திரையில் திறந்து காட்ட வேண்டும். மானிட்டரின் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பார்கள். துடைப்பது அடியேன். ஃபைலைத் தேடுகிற நேரத்தில் நல்ல நேரம் போய்விடக் கூடாதே என்று ஒரு பேட்ச் ஃபைல் எழுதிவைத்திருந்தேன். ஒரு தட்டு தட்டினால் அன்றைய பத்திரிகை தானே திறக்கும். எந்தப் புரோகிராமில் என்று மட்டும் எழுதவில்லை. அது கம்ப்யூட்டருக்கே தெரியும் என்ற மிதப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை திருமுக்கூடலிலிருந்து ஒரு விவசாயி, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் மாமாவோடு வந்தார். மகளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மாமாவோ பல்லி எங்கே கத்துகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டே உட்காருகிற ஆள். பத்தரைக்கு ராகு காலம். பத்தேகாலுக்குத் தட்டினேன்.

பத்திரிகை வரவில்லை. பாட்டு புரோகிராம் வந்தது. பத்திரிகையைப் பாடப் பார்த்து முடியாமல், உள்ளே கிடந்த சிடியிலிருந்து ஒரு காதல் தோல்விப் பாட்டை எடுத்து அழ ஆரம்பித்தது.

"இன்னாயா இது, அபசகுனமா கீது?" என்றார் மாமா. பெண்ணின் அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

பாய் என் காதோரம் வந்தார். "நேத்து பாட்டு கேக்க ஒரு புரோகிராம் போட்டேன்பா. எல்லா ஃபைலையும் நானே தொறக்கட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

கடைக்கார வம்சம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. உடனே மாமாவின் தோளில் கைபோட்டார். "பேஜாராவாத நைனா. பையன் ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணிக்கினு கீறான். வா, ஒரு டீ சாப்டலாம்."

நான் பத்திரிகை போடும் புரோகிராமை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து ஃபைலைக் கூப்பிட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் அசைந்து கொடுக்கவே யுகமாகும். பெண்ணின் அப்பா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாக மகளின் பெயரும் பக்கத்தில் பி.எஸ்சி.யும் வந்தன. "வந்துட்ச்சு, எம் பொண்ணு பேரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தரைக்குள் திரும்பிவந்த மாமா மஞ்சள் வைத்து, "லட்சணமாத்தான் கீது" என்று பெரிய மனசு பண்ணினார்.

அன்றே பேட்ச் ஃபைலில் ஃபைல் பெயருக்கு முன்னால் புரோகிராமின் பெயரையும் எழுதினேன். "இத மொதல்லயே எய்திருக்கலாமே" என்றார் பாய், ஒன்றுமே தெரியாதவர் மாதிரி.

இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். பத்திரிகைகள் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. திறக்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருமில்லை. நானே பலவற்றைத் திறப்பதில்லை. பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிடுகிறேன். கல்யாணமோ கருமாதியோ, இரண்டுக்கும் அது சரியாகத்தான் இருக்கிறது.