போனவர்கள் எல்லாரும் வந்த புத்தகம்

யசோதராவோடு ஒரே கடையில் வேலை செய்வது லேசான காரியமல்ல. திருகோணமலைப் பட்டினத்தில் எங்கள் அச்சுக்கடை. அவள் தட்டச்சு செய்வாள், நான், மாகிரட், பக்கம் கட்டுவேன். பழைய புத்தகம் கையில் கிடைத்தால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் கூட வருகிறது என்று வசனம் வசனமாகத் தேடுவாள். அகப்பட்டுவிட்டால் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் கடை முழுக்கக் கேட்கக் கதைப்பாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் என்ன கண்டாள் என்று கேட்காமல் இருக்கவும் ஏலாது.

பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியின் கோயில் திருவிழாவுக்கென்று ஒரு பழைய புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. எல்லாம் ஊர்க் குடும்பங்களின் கதைகள். முன்பக்கங்கள் கிழிந்துபோனதால் எழுதியவர் பெயர் இல்லை. கொண்டுவந்த தம்பிராசா ஐயா கடற்தொழில் செய்து ஓய்ந்தவர். தன் அப்பப்பாவின் பெட்டியில் இருந்த புத்தகம், ஆகவே எழுதியவர் அவர்தான், அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள் என்றார். சனிக்கிழமை அச்சேற வேண்டும்.

வியாழன் மத்தியானம் கதிரைச் சத்தம் கேட்டது.

"அக்கா, இஞ்ச வாங்கோ. இதில கடலுக்குப் போன ஆக்கள் எல்லாரும் அதே வசனத்தில திரும்பி வருகினம்."

காட்டினாள். 'கதிர்காமன் கடலுக்குப் போய்வந்து வலை உலர்த்தினான்.' 'மூதூருக்குப் போய்வந்தவர்கள் நெல் கொண்டுவந்தார்கள்.' எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் போனவர் வந்துதான் வசனம் முடிந்தது. யசோதராவும் சல்லிக்காரி. புருசன் கோணேஸ்வரன் மீன்பிடி வள்ளத்தில் போகிறவர். விடிய வாசலில் நின்று 'போயிட்டு வாங்கோ' என்று அனுப்புகிறவளுக்கு இது கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? எழுதினது கரையில் காத்திருக்கிற ஒரு பொம்பிளை என்று அடித்துச் சொன்னாள்.

நான் விடுவேனா? ஆம்பிளையும் 'போயிட்டு வாறன்' என்றுதானே சொல்லுவான் என்று மல்லுக்கு நின்றேன். உடனே அவள் பழைய திருவிழா மலர் ஒன்றைத் தேடி எடுத்தாள். அதில் ஐயாவின் அப்பப்பா தன் பெயர் போட்டு எழுதிய கட்டுரை இருந்தது. அங்கே சனங்கள் கடலுக்குப் போனார்கள், அவ்வளவுதான். வந்தார்களா என்ற பேச்சே இல்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஐயா வந்தார். யசோதரா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். அவர் முகம் கறுத்துவிட்டது. அப்பப்பாவைக் கள்ளனாக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவள், பிறகு தேடியதில் அகப்பட்ட, தனக்கு விளங்காத ஒரேயொரு வசனத்தை எடுத்து முன்னால் வைத்தாள். புத்தகம் முழுக்க அதில் மட்டும்தான் போனவர் வரவில்லை.

'பொன்னாச்சியின் கணவர் கடலுக்குப் போனார்.'

ஐயா கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார்.

"பொன்னாச்சி எண்டது அப்பப்பாவின்ர அம்மா," என்றார் மெதுவாக. "எழுத்துத் தெரிஞ்ச மனுசி. புருசன் போன வள்ளம் பிறகு வரேல்ல. அப்பப்பா ஒருநாளும் தான் எழுதினதெண்டு சொன்னதில்லை. நாங்களாத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

யசோதரா என் கையை நோக நோகப் பிடித்துக்கொண்டாள். அட்டையில் பொன்னாச்சியின் பெயரைப் போடச் சொல்லிவிட்டு ஐயா எழும்பினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்த ஒரு வசனத்தைத் திருத்திப்போடாதேங்கோ, பிள்ளை. அப்பிடியே இருக்கட்டும்."